கல்கண்டில் கண்ணாடி இருந்ததா?

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்திருக்கிறது. பொருளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் போதுமாம். இது இன்ன பொருள் என்று அதுவே பெயர் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறதாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் மாரியப்பன் போனில் குதிக்காத குறையாகச் சொன்னான். "சார், இனி பிள்ளையளுக்கு நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம். எல்லாம் அதுவே சொல்லுது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏலே, எல்லாம் அது சொல்லுதுன்னா நீ எதுக்குலே அங்கன போய் உக்காந்திருக்க? வீட்டுல கெடந்து தூங்க வேண்டியதுதான?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வாய் குறையவில்லை என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். ஆனால் மாரியப்பன் நல்ல பிள்ளை. மறுநாளே கூப்பிட்டு, "கோவப்படாதீய சார். பழைய கதைய எழுதிக் குடுங்க, புதுசா வாரவங்களுக்குப் படிக்கக் குடுப்போம்" என்றான். எழுதுகிறேன். ஆனால் மிஷின் கதையை அல்ல. அந்த மிஷினுக்கு முன்னால் எங்களை உட்கார வைத்து, பார்ப்பது எப்படி என்று பழக்கிய சிவகாமி மேடத்தின் கதையை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் முத்தையா. பேராசிரியர் இல்லை; கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப உதவியாளர். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் பற்றவைக்கிற கம்பியும் கையுமாக இருந்தவனைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. நானோ அறிவியல் படிப்பு தொடங்கி, நுண்ணோக்கி வாங்கியபோது பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டேன். எதற்காக அழுத்துகிறோம் என்று கற்றுக்கொண்டது இங்கே, மேடத்திடம்.

நுண்ணோக்கி என்றதும் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரான்களை மெல்லிய கற்றையாக்கிப் பொருளின்மேல் பாய்ச்சும். திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் வரும். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கிற துணுக்கைக்கூட முகம் பார்ப்பதுபோல் பார்க்கலாம். கூடவே இன்னொரு கருவி ஒட்டியிருக்கும். கற்றை பட்ட இடத்திலிருந்து கிளம்பும் எக்ஸ்ரே கதிரைப் பிடித்து, அங்கே எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று திரையில் முகடு முகடாக வரைந்து காட்டும். பிள்ளைகள் அந்த முகட்டைப் 'பீக்' என்பார்கள். பக்கத்து அறையில் தனியாக ஓர் எக்ஸ்ரே கருவி. தனிமங்கள் ஒன்றோடொன்று எப்படி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று அது சொல்லும். வீட்டில் அரிசி, உளுந்து, உப்பு இருக்கிறது என்பது ஒரு தகவல். அது இட்லியா தோசையா என்பது வேறு தகவல் இல்லையா, அந்த மாதிரி.

சிவகாமி மேடம் ஸ்ரீவைகுண்டம் பக்கம். நிலபுலன் எல்லாம் தாத்தா காலத்தோடு போய், வீட்டில் எல்லோரும் வாத்தியாரும் அதிகாரியுமாக ஆகிவிட்ட சைவக் குடும்பம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் பத்து வார்த்தை கத்துகிற இடத்தில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அது உனக்கு எப்படித் தெரியும்?" குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே பாதிப் பிள்ளைகள் ஒழுங்காக வேலை செய்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் முதுகலைப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பரீட்சை வைப்பார். எண் மட்டும் எழுதிய சின்னச் சின்னக் குப்பிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் அவரே அலைந்து திரிந்து பொறுக்கி வந்தவை. குறுக்குத்துறை ஆற்று மணல், தூத்துக்குடி உப்பு, கோயில் திருநீறு, உமிச் சாம்பல், கொற்கை வயலில் கிடந்த சிப்பித் தூள், முகப்பவுடர். முதலில் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பிறகு கைலென்சு. பிறகுதான் நுண்ணோக்கிப் படம், தனிமம், கடைசியில் எக்ஸ்ரே. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் குப்பியை வாங்கி மேசைக்குள் வைத்துவிடுவார்.

"ஒரு கருவி சொன்னா அது சேதி. ரெண்டு கருவி சொன்னாத்தான் அதுக்குப் பேரு வைக்கணும்" என்பார். இன்னொன்றும் உண்டு. பொருளைப் பார்ப்பதற்கு முன்னால், அதை வைக்கப்போகிற வெறும் இடத்தைப் பார்க்க வேண்டும். அலுமினியத் தட்டு, அதன்மேல் ஒட்டுகிற கரி நாடா, இரண்டையும் பொருள் இல்லாமல் ஒருமுறை உள்ளே விட்டு என்னென்ன முகடு வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய ரோதனை. ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்கு யாராவது மெனக்கெடுவார்களா என்று முனகிக்கொண்டே செய்வார்கள். நானும் ஆரம்பத்தில் முனகியவன்தான்.

ஏன் இந்தக் கெடுபிடி என்பதற்கு ஒரு கூத்தைச் சொல்கிறேன். மின்சாரம் கடத்தாத பொருளை அப்படியே உள்ளே வைத்தால் எலக்ட்ரான்கள் அதன்மேல் தேங்கிப் படம் வெளுத்துப் போகும். அதனால் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியாத கனத்தில் தங்கம் பூசுவோம். ஒரு தடவை குறுக்குத்துறை மணல் யாருக்குக் கிடைத்ததோ அந்தப் பையன், திரையைப் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தான். கதவைச் சாத்திவிட்டு, காதருகில் வந்து, "சார், யாருட்டயும் சொல்லிராதீய. நம்ம ஆத்து மணல்ல தங்கம் இருக்கு சார்" என்றான்.

"ஏலே கூறுகெட்டவனே, அந்தத் தங்கத்தப் பூசினதே நாந்தாம்லே" என்றேன். அறையே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தங்கம் பூசிய வெறும் தட்டை உள்ளே விடச் சொன்னார். அதே முகடு, அதே இடம். "நீ பாத்தது பொய் இல்லப்பா. தங்கம் அங்கன இருக்கத்தான் செய்யுது. அது எங்கேருந்து வந்ததுன்னுதான் நீ கேக்கல" என்றார். அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சிக்காரன். போனில் பேசும்போதெல்லாம் நான் தங்கம் விலையை விசாரிப்பேன், அவனும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இசக்கியம்மாள் என்று ஒரு பிள்ளை இருந்தாள். சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலை பார்க்கிற வீடு. அப்படி ஒரு கை அந்தப் பிள்ளைக்கு. நான் அரைமணி நேரம் மல்லுக்கட்டித் தெளிவாக்குகிற படத்தை அவள் வந்து ரெண்டு திருகு திருகினால் பளிச்சென்று நிற்கும். மேடமே அவளைத் தனியாகக் கருவியில் உட்கார அனுமதித்திருந்தார். அது லேசில் யாருக்கும் கிடைக்காது.

ஒரு பங்குனி மாதம், திருநெல்வேலி டவுனில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் தங்கவேல் அண்ணாச்சி ஒரு பொட்டலத்தோடு வந்தார். பனங்கல்கண்டு. சாத்தான்குளம் பக்கம் செல்லத்தாயி என்கிற அம்மா நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு காய்ச்சி அனுப்புவது. வாங்கிப்போன ஒருவர், பிள்ளைக்கு நாக்கில் குத்துகிறது, நறநறவென்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து கடையில் சண்டை போட்டிருக்கிறார். "கண்ணாடித் தூளா இருக்குமோன்னு பயமா இருக்கு மேடம். உங்க பிள்ளையளவிட்டுக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. நிஜமான தெரியாப் பொருள் ஒன்று வீடு தேடி வந்திருக்கிறதே என்று மேடத்துக்கும் சந்தோஷம். இசக்கியிடம் கொடுத்தார்.

கல்கண்டைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினாள். அடியில் கொஞ்சம் வெள்ளை வண்டல் தங்கியது. அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் எங்கள் படிப்புக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு. நானோ துகள் பார்க்கிற பிள்ளைகள், துகளைத் தண்ணீரில் கலக்கி, ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் சொட்டு விட்டுக் காயவைத்துப் பார்த்துப் பழகியவர்கள். படம் அழகாக வரும். அந்தப் பழக்கத்தில் இந்த வண்டலையும் கலக்கிக் கண்ணாடிச் சில்லின்மேல் சொட்டு விட்டுவிட்டாள். வெறும் சில்லை முதலில் பார்க்கவும் இல்லை. திரையில் மெல்லிசான ஊசி ஊசியாகப் படிகங்கள். தனிமம் பார்த்தால் சிலிக்கான், சோடியம், கால்சியம், ஆக்சிஜன். ஜன்னல் கண்ணாடியில் என்ன இருக்குமோ அத்தனையும்.

அன்றைக்கு மேடம் கூட்டத்துக்காக மதுரை போயிருந்தார். நான் அடுத்த அறையில் எக்ஸ்ரே கருவிக்குத் தண்ணீர் ஓடுகிற குழாயைப் பிரித்துப் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தங்கவேல் அண்ணாச்சி இசக்கிக்குப் போன் போட்டிருக்கிறார். "என்ன தாயி, ஏதும் தெரிஞ்சுதா?" இவள் சொல்லிவிட்டாள். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகச் சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். "சின்னப் பிள்ளையள்லாம் திங்குதே சார், மேடம் வாரது வரைக்கும் எப்படிப் பேசாம இருக்கது" என்று பிறகு என்னிடம் அழுதாள். பயந்துபோய்ச் சொன்ன சொல் அது. ஆனால் கடைத்தெருவுக்கு அது போதாதா? சாயங்காலத்துக்குள் டவுன், பாளையங்கோட்டை, சாத்தான்குளம் வரைக்கும் செல்லத்தாயி கல்கண்டில் கண்ணாடி என்று பேச்சு. இருந்த பொட்டலம் எல்லாம் மூட்டையாகத் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் காலை ஆய்வுக்கூட வாசலில் ஒரு அம்மா நின்றார். காய்ப்புக் காய்த்த கை, இடுப்பில் செருகிய முந்தானை. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். "கண்ணாடின்னு சொன்னது இங்கனதானா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க இருக்கு அந்தக் கண்ணாடி? எனக்குக் காட்டுங்க. நான் எங்கண்ணால பாக்கணும்" என்றார். "பனை பாளை விடுத காலத்துலதான்யா எங்களுக்குப் பொழப்பு. இப்பம் விக்கலைன்னா இந்த வருசம் அம்புட்டுத்தான். எங்கூட வேல செய்யுதவ வீட்டுலயெல்லாம் அடுப்பு எரியாது. காசு போனாக்கூடச் சம்பாரிச்சிருவேன். பிள்ளையளுக்குக் கண்ணாடியக் குடுத்தவன்னு பேரு வாங்கிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்?"

உள்ளே இசக்கிக்கு முகம் செத்துவிட்டது. இரவே மதுரையிலிருந்து திரும்பியிருந்த மேடம்தான் எழுந்து வந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "வாங்கம்மா, உள்ள வாங்க. நாங்களும் இன்னும் பாக்கல. சேந்தே பாப்போம்" என்று அந்த அம்மாவைத் திரைக்கு நேர் எதிரில், எப்போதும் தான் உட்காருகிற நாற்காலியில் உட்கார வைத்தார். வெளியாளை அந்த அறைக்குள்ளேயே விடாத மேடம்! நான் அசந்துபோனேன்.

"இசக்கி, நேத்துப் பாத்த அதே சில்லை உள்ள விடு" என்றார். அவள் விட்டாள். ஊசிகள் வந்தன. முகடுகள் வந்தன. "இதுதாம்மா கண்ணாடியில இருக்கிற சாமான். உங்க கல்கண்டுல இருந்ததுன்னு நேத்துச் சொன்னது இதைத்தான்" என்று ஒளிக்காமல் விளக்கினார். செல்லத்தாயி அம்மா திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். மேடம் இசக்கி பக்கம் திரும்பி, பதறாமல், "இப்பம் கற்றையப் பைய நகத்து. ஊசியே இல்லாத வெறும் இடத்துல வை" என்றார்.

நகர்த்தினாள். வெறும் இடம். திரையில் மறுபடி முகடுகள் எழும்பின. சிலிக்கான், சோடியம், ஆக்சிஜன், எல்லாம் அப்படியே. கால்சியம் மட்டும் சட்டென்று சிறுத்துவிட்டது. ஊசி அவ்வளவு மெல்லிசு. கற்றை அதைத் துளைத்துக்கொண்டு கீழே போய், அடியில் கிடந்த சில்லைப் பேச வைத்திருக்கிறது. இசக்கி கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் செல்லத்தாயி.

"அந்தக் கண்ணாடி நாங்க வச்சுப் பாத்த கண்ணாடிம்மா. எங்களோடது" என்றார் மேடம்.

"அப்பம் என் கல்கண்டுல கண்ணாடி இல்லேல்ல?"

இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே! நான் மனசுக்குள் கத்தினேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத் தோன்றும். மேடம் சொல்லவில்லை. "இந்தப் படத்துல இருக்கது உங்களோடது இல்ல. உங்க கல்கண்டுல என்ன இருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியாது. தெரியாம நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?" என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது யோசித்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நேற்று ஒருத்தி பயத்தில் அவசரப்பட்டாள். இன்று நான் இரக்கத்தில் அவசரப்படப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷி மட்டும் அசையாமல் நின்றார்.

எல்லாம் முதலிலிருந்து நடந்தது. வண்டலை உலரவைத்து இரண்டாகப் பிரித்தோம். ஒரு பங்கு அலுமினியத் தட்டில் கரி நாடாவின்மேல். வெறும் தட்டு முதலில் உள்ளே போனது. இன்னொரு பங்கை அரைத்து எக்ஸ்ரே கருவியில் நான் வைத்தேன். செல்லத்தாயி அம்மா டீ வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இசக்கி ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நுண்ணோக்கி கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என்றது. சிலிக்கான் பெயருக்குக்கூட இல்லை. கார்பன் அடியில் உள்ள நாடாவிலிருந்தும் வரும் என்பதால் மேடம் அதோடு விடவில்லை. மத்தியானம் எக்ஸ்ரே கோடுகள் வந்ததும் கால்சியம் கார்பனேட் என்று உறுதியாயிற்று. அதாவது சுண்ணாம்பு. பனையிலிருந்து இறக்குகிற பதனி புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற அதே சுண்ணாம்புதான், காய்ச்சுகிற சூட்டில் ஊசி ஊசியாகக் கல்லாகியிருக்கிறது.

"இப்பம் சொல்லுதேன்மா. கண்ணாடி இல்ல" என்றார் மேடம். செல்லத்தாயி அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மேடம் தொடர்ந்தார். "சுண்ணாம்பு இருக்கு. விஷம் ஒண்ணும் இல்ல. ஆனா நறநறங்கும், நாக்குலயும் குத்தும். பதனியத் தெளிய விடாம காய்ச்சுனீங்களா?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் பதனி சாஸ்தியா வந்துட்டும்மா. ஆளு பத்தல. தெளியட்டும்னு வைக்காம அப்படியே வடிச்சு ஊத்திட்டோம்" என்றார். அறிக்கையில் மேடம் இதையும் எழுதினார். அதை விட்டுவிடலாமே மேடம், பாவம் அவர் என்று நான் காதோடு சொல்லிப் பார்த்தேன். "பாத்தது அம்புட்டையும் எழுதணும் முத்தையா. ஒண்ண மறைச்சா மத்ததையும் எவனும் நம்ப மாட்டான்" என்று முடித்துவிட்டார்.

தங்கவேல் அண்ணாச்சிக்குப் போனில் சொல்லிவிட்டு அறிக்கையைத் தபாலில் அனுப்பினால் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "தப்பு போன்ல போயிருச்சு. அதத் திருத்த ஆளு போகணும்லா" என்றார். போகிற வழியில் இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கினார்.

தங்கவேல் அண்ணாச்சி லேசில் மசியவில்லை. கடையில் ஆள் நிற்கும்போதே, "என்ன மேடம், நேத்து ஒண்ணு, இன்னைக்கி ஒண்ணு சொல்லுதீய. நாங்க எதத்தான் நம்ப?" என்றார். நியாயமான கேள்வி. மேடம் கோபப்படவில்லை. "எங்களையும் நம்ப வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே பாருங்க" என்று இரண்டு தட்டு கேட்டார். ஒன்றில் உடைந்த கண்ணாடியைப் பொடித்துப் போட்டார். இன்னொன்றில் வண்டல். பழத்தை நறுக்கி இரண்டின் மேலும் பிழிந்தார். கண்ணாடிப் பொடி சும்மா கிடந்தது. வண்டல் புசுபுசுவென்று நுரைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தது. கடைக்கு வந்திருந்த ஒரு ஆச்சி, "அட, நம்ம வெத்தலச் சுண்ணாம்புலா இது!" என்றார். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, திருப்பி அனுப்பிய மூட்டையை மறுபடி அனுப்பச் சொன்னார். எங்களோடு வந்திருந்த செல்லத்தாயி அம்மா பதிலுக்கு, அந்த மூட்டை வேண்டாம், மறுபடி கரைத்துத் தெளியவைத்துக் காய்ச்சித்தான் அனுப்புவேன் என்றார். எனக்கு அந்த அம்மாவையும் ரொம்பப் பிடித்துப்போனது.

பேச்சு எந்தெந்தக் கடைக்கெல்லாம் போயிருந்ததோ அங்கெல்லாம் மேடம் போனார். விடுமுறை வருகிற நாளெல்லாம் பஸ் ஏறிவிடுவார். கைப்பையில் எலுமிச்சம்பழம், இரண்டு குப்பி. நானும் போவேன், இசக்கியும் வருவாள். ஒவ்வொரு கடையிலும் மேடமே, "எங்க லேப்ல தப்பாப் பாத்துட்டோம்" என்று தொடங்குவார். இசக்கி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ஒரு சொல் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?" என்று ஒருநாள் பஸ்ஸில் அவளைக் கடிந்துகொண்டேன். மேடம் என்னைத்தான் அதட்டினார். "சும்மா இருங்க முத்தையா. பைய வரட்டும்."

சில கடைக்காரர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சிலர் தலையாட்டிவிட்டுப் பிறகும் வாங்கவில்லை. அவர்களிடம் மேடம் இரண்டாம் தடவையும் போனார். பெரிய பேராசிரியை, வெயிலில் கடை வாசலில் நின்று பழம் பிழிந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை.

கடைசியாகப் போனது சாத்தான்குளம் கடைத்தெருவில் ஒரு பழைய மளிகைக் கடை. செல்லத்தாயியின் சொந்த ஊர்க் கடை. அங்கே வாங்கினால்தான் ஊர் நம்பியதாக அர்த்தம். கடைக்காரர் வயசாளி, முகத்தில் சிரிப்பே கிடையாது. மேடம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி. இம்புட்டு வெயில்ல திருநவேலிலருந்து வந்து அவளுக்காகப் பேசுதீயளே, நீங்க யாரு? செல்லத்தாயிக்குச் சொந்தமா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. அவங்க கல்கண்டுல கண்ணாடி இருக்குன்னு சொன்ன ஆளு நான்" என்றார் மேடம்.

கடைக்காரர் மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வாயில் ஏதோ கடுமையான வார்த்தை வரப்போகிறது என்று தெரிந்தது. அதற்குள் என் பின்னாலிருந்து யாரோ என்னை இடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள். இசக்கி.

"மேடம் சொல்லல அண்ணாச்சி" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அன்னைக்கி மேடம் ஊருலயே இல்ல. நாந்தான் பாத்தேன், நாந்தான் தப்பாச் சொன்னேன். ஏசணும்னா என்னைய ஏசுங்க."

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.